பேண்டேஜ் துணி நெய்கிற ஊரிலிருந்து

ராஜபாளையத்தை ஒட்டிய சத்திரப்பட்டி, சமுசிகாபுரம் பக்கம் போனால் விசைத்தறிச் சத்தம் காதை அடைக்கும். அங்கே தறியில் ஓடுவது பேண்டேஜ் துணி. வெளுத்துச் சுருட்டிக் கட்டி வெளிநாடு வரை அனுப்புகிறார்கள். எந்த ஊர்க் காயத்துக்குப் போகிறது என்று தறிக்காரருக்குத் தெரியாது. கூலி உயர்வு எப்போது என்பதே அவர் கவலை, நியாயமான கவலைதான்.

உலகில் போர் குறைந்து வருகிறது என்று உளவியலாளர் ஸ்டீவன் பிங்கர் 2011இல் தடிமனான புத்தகம் எழுதினார். மக்கள்தொகையோடு ஒப்பிட்டால் போரில் சாகிறவர்களின் விகிதம் சரிந்திருக்கிறது, ஆயுதம் அரசின் கையில் மட்டும் இருப்பது அதற்கொரு முக்கியக் காரணம் என்பது வாதம். ஆயுதம் அரசின் கைக்குப் போவது நம் சீமைக்குப் பழைய கதை. ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோட்டை பாளையக்காரர்களுக்கும் நவாப் படைக்கும் இடையே கைமாறிக் கிடந்த காலத்தில், 1755இல், கம்பெனிப் படையின் கர்னல் ஹெரான் நெற்கட்டும்செவல் மண்கோட்டை முன்னால் நின்றுவிட்டு வெறுங்கையோடு திரும்பினார். 1761இல் கம்பெனிப் படைத் தளபதி யூசுப் கான் அதைப் பிடித்தார். கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட 1799இல், பாளையக்காரர் கோட்டைகளை இடிக்கவும் ஆயுதங்களை ஒப்படைக்கவும் கம்பெனித் தளபதி பானர்மேன் உத்தரவிட்டார். அடுத்த இரண்டு ஆண்டில் இன்னொரு போரும் முடிய, சீமை அடங்கியது. பிறகு நம் ஆட்களே வெள்ளைக்காரனின் சிப்பாய்களாக மெசபடோமியாவிலும் பர்மாவிலும் போய்ச் செத்தார்கள். அதை எந்த ஊர்க் கணக்கில் எழுதுவது?

ஆயுதத்தின் மீது அரசுக்கிருந்த ஏகபோகமும் இப்போது ஆட்டம் காண்கிறது. 2007 மார்ச்சில் புலிகளின் சிறு விமானம் கட்டுநாயக்காவில் குண்டு போட்டபோது உலகம் வியந்தது. இன்று உக்ரைனில் பைக் விலைகூட இல்லாத டிரோன் பல கோடி ரூபாய் டாங்கியை எரிக்கிறது. அரசுகள் ஈடுபட்ட மோதல்கள் 2024இல் மட்டும் 61. 1946க்குப் பிறகு இதுவே அதிகம் என்கிறது ஓஸ்லோ அமைதி ஆய்வு நிறுவனம்.

பிங்கரின் புத்தகம் வந்த அதே 2011இல்தான் இலங்கைப் போரின் கடைசி மாதங்கள் பற்றிய ஐ.நா. நிபுணர் குழு அறிக்கையும் வந்தது. இறந்த பொதுமக்கள் 40,000 பேர் வரை இருக்கலாம் என்றது. வன்னி மருத்துவமனைகள் மீது குண்டு விழுந்ததையும், மருந்தும் அறுவைச் சிகிச்சைப் பொருட்களும் உள்ளே போகாமல் அரசு தடுத்ததையும் பதிவு செய்தது. டிரோன் என்ன, செயற்கை நுண்ணறிவு என்ன, காயத்துக்குத் துணி போகாமல் மறிப்பதைவிட மலிவான ஆயுதம் கிடையாது. அதற்குத் தொழில்நுட்பமே தேவையில்லை. ஒரு சோதனைச் சாவடி போதும். முள்ளிவாய்க்காலில் கட்டுத் துணிக்குத் தவித்த நாட்களில் கடலுக்கு இந்தப் பக்கம் சத்திரப்பட்டித் தறிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

போர் குறைந்துவிட்டது என்று மேடையில் பேசும் நண்பர்கள் அந்த ஐ.நா. அறிக்கையையும் படித்துவிட்டுப் பேசட்டும். இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.