வேலைப் பழக்கம்: பாடமா? பிச்சையா?

இங்கிலாந்து தேசத்துச் சர்வகலாசாலைகள் பலவற்றில் கம்ப்யூட்டர் படிப்புப் படிக்கும் மாணவன் இரண்டு வருஷம் வகுப்பில் படித்துவிட்டு, மூன்றாவது வருஷம் முழுவதும் ஒரு கம்பெனியிலோ, பாங்கியிலோ, சர்க்கார் இலாகாவிலோ வேலை செய்து, நான்காவது வருஷம் திரும்பி வந்து படிப்பை முடிப்பது என்கிற ஒரு ஏற்பாடு இருந்து வருகிறது. இரண்டு ரொட்டித் துண்டுகளுக்கு நடுவில் கறியை வைப்பது போல் படிப்புக்கு நடுவில் வேலையை வைப்பதால் இதற்குச் 'சாண்ட்விச்' படிப்பு என்று பெயர். நம் நாட்டுப் பிள்ளைகளும் கடன் வாங்கிக்கொண்டு இம்மாதிரிப் படிப்புகளுக்குக் கப்பல் ஏறாமல் ஆகாய விமானம் ஏறிப் போய்க்கொண்டிருப்பதால், இதன் நன்மை தீமைகளை நாம் எடுத்துக் காட்ட வேண்டியது அவசியமாகிறது.

இந்த ஏற்பாடு நேற்று முளைத்ததல்ல. 1903-ல் சண்டர்லாந்து என்னும் கப்பல் கட்டும் ஊரின் தொழிற்கல்லூரியில் இது ஆரம்பமாயிற்று. 1906-ல் அமெரிக்காவில் சின்சினாட்டி சர்வகலாசாலையில் ஹெர்மன் ஷ்னைடர் என்பவர் 27 இஞ்சினீயரிங் மாணவர்களைக் கொண்டு, வகுப்பும் தொழிற்சாலையும் மாறி மாறி வரும்படியான ஒரு முறையைத் தொடங்கினார். 1957-ல் கனடா தேசத்தில் வாட்டர்லூ சர்வகலாசாலை ஏற்பட்டதே இந்த முறையின் பேரில்தான். ஆகவே, கையால் செய்து பாராமல் வாயால் ஒப்பிப்பது மாத்திரம் படிப்பாகாது என்பதை மேல்நாட்டார் நூறு வருஷங்களுக்கு மேலாகவே உணர்ந்து நடந்து வருகிறார்கள்.

சரி, அந்த ஒரு வருஷத்தில் மாணவன் என்னதான் கற்றுக்கொள்கிறான் என்று பார்ப்போம். கல்லூரியில் அவன் எழுதும் புரோகிராம் சிறியது. அவன் ஒருவனே எழுதுகிறான். விடை உபாத்தியாயருக்கு முன்னமே தெரியும். மார்க்கு வந்தவுடன் அதைத் தூக்கி எறிந்துவிடுகிறான். கம்பெனியிலோ அவன் முன் வைக்கப்படுவது லட்சக்கணக்கான வரிகள். அதை எழுதினவர்களில் பாதிப்பேர் வேலையை விட்டுப் போய்விட்டவர்கள். ஏன் இப்படி எழுதினார்கள் என்று கேட்கவும் ஆளில்லை. முதல் ஒரு மாதம் அவன் எழுதுவது சொற்பம். வாசிப்பதும் விழிப்பதுமே அதிகம்.

பிறகு ஒரு சிறு ரிப்பேர் கொடுப்பார்கள். ஏதோ ஒரு ரசீதில் தேதி தப்பாய் விழுகிறது. அதைச் சரிசெய் என்பார்கள். அவன் நான்கு வரி மாற்றுவான். அந்த நான்கு வரியையும் இன்னொருவர் வாசித்துப் பார்த்து, 'இது எதற்கு? இந்தச் சமயத்தில் என்ன ஆகும்? இதற்குச் சோதனை எங்கே?' என்று கேட்டு இரண்டு மூன்று தடவை திருப்பி அனுப்புவார். முதல் தடவை மாணவனுக்கு முகம் சுண்டிப் போகும். ஆனால் இருபது வருஷ அனுபவமுள்ள தலைவர் எழுதியதையும் அதே மாதிரி இன்னொருவர் வாசித்துக் குறை சொல்லுவதையும், அவர் கோபித்துக்கொள்ளாமல் திருத்துவதையும் கண்ட பிறகுதான், குற்றம் காண்பது அவமானப்படுத்துவது அல்ல என்பது அவனுக்கு விளங்கும்.

நாம் இதைத்தான் பெரிய படிப்பு என்று சொல்லுவோம். ஏனெனில் யந்திரம் யாருடைய பெருமைக்கும் கட்டுப்படுவதில்லை. பெரியவர் சொன்னார், முன்னோர் எழுதினார், வெகு காலமாய் இப்படியே நடக்கிறது என்பதற்காக தப்புக் கணக்குச் சரிக்கணக்காகி விடாது. காரணம் சொல், சோதித்துக் காட்டு, தெரியாவிட்டால் தெரியவில்லை என்று சொல் என்கிற மூன்றையும் ஒரு இளைஞன் வருஷம் முழுவதும் தினமும் பழகுவானேயானால், அது பரீட்சைக்கு உருப்போட்ட நூறு பக்கத்தைவிட மேலானது என்பதில் என்ன சந்தேகம்?

நிற்க. இவ்வளவு நல்ல பாடம் யாருக்குக் கிடைக்கிறது என்பதுதான் நம் கேள்வி.

வகுப்பையும் உபாத்தியாயரையும் சர்வகலாசாலை ஏற்பாடு செய்கிறது. ஆனால் வேலை இடத்தை மாத்திரம் பெரும்பாலும் மாணவனே தேடிக்கொள்ள வேண்டியிருக்கிறது. பாடங்களுக்கு இடையில் பத்து, இருபது, ஐம்பது என்று விண்ணப்பம் போட வேண்டும்; பரீட்சை எழுத வேண்டும்; பேட்டிக்குப் போக வேண்டும். அநேகருக்குப் பதில் கூட வருவதில்லை. இடம் கிடைக்காதவன் வேலை வருஷம் இல்லாத படிப்புக்கு மாற்றப்பட்டுவிடுவான். தகப்பனாரின் சிநேகிதர் கம்பெனி நடத்துகிறவராயிருந்தால் அந்தப் பிள்ளைக்கு இந்தக் கஷ்டம் ஏது? உயர்ந்த உத்தியோகங்களுக்குள் நுழையும் வழியானது, ஆள் பழக்கமும் கூலியின்றி வேலை செய்யத் தாங்கும் பண வசதியும் உள்ளவர்களுக்கே அனுகூலமாயிருக்கிறது என்பதை 2009-ல் ஆலன் மில்பர்ன் தலைமையில் அமைந்த கமிட்டியே எடுத்துக் காட்டியிருக்கிறது. இதைச் சொன்னது நாமல்ல. அந்நாட்டுச் சர்க்கார் நியமித்த கமிட்டி.

பணத்தின் சங்கதியைப் பாருங்கள். மாணவன் கம்பெனியில் வேலை செய்யும் அந்த வருஷத்துக்கும் சர்வகலாசாலை பீசு வாங்குகிறது. 2025-26-ம் கல்வியாண்டில் இங்கிலாந்தில் உள்நாட்டு மாணவனுக்கு முழு வருஷ பீசின் உச்ச வரம்பு 9,535 பவுன். வேலை வருஷத்துக்கு உச்ச வரம்பு 1,905 பவுன். ஐந்தில் ஒரு பங்கு! உபாத்தியாயர் ஒன்றிரண்டு தடவை விசாரிப்பதற்கும், முடிவில் ஒரு அறிக்கையை வாசிப்பதற்கும் இவ்வளவா? அன்றியும், ஜீவனத்துக்காகச் சர்க்கார் கொடுக்கும் கடன் தொகையும் பெரும்பாலும் இந்த வருஷத்துக்குக் குறைந்து போகிறது.

இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. அந்நாட்டில் 1998-ம் வருஷத்துச் சட்டப்படி தொழிலாளிக்குக் குறைந்தபட்சக் கூலி கொடுத்தே தீர வேண்டும். ஆனால் படிப்பின் பகுதியாக ஒரு வருஷத்துக்கு மேற்படாமல் வேலை செய்யும் மாணவனுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது! கம்ப்யூட்டர் தொழிலில் பல கம்பெனிகள் நல்ல சம்பளமே கொடுக்கின்றன என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் கொடுப்பது அவர்கள் தயவு. கேட்பது மாணவன் உரிமையல்ல என்றால், அதற்குச் சம்பளம் என்று பெயரா, பிச்சை என்று பெயரா?

'பழகுகிறவனுக்குக் கூலி எதற்கு? கற்றுக் கொடுப்பதே கூலிதானே!' என்று சிலர் சமாதானம் சொல்லக்கூடும். முதல் இரண்டொரு மாதத்துக்கு அந்தச் சமாதானம் பொருந்தலாம். அதற்குப் பிறகு அவன் எழுதிய வரிகள் கம்பெனியின் சரக்கில் சேர்ந்து விலை போகிறதே, 'இது மாணவன் எழுதியது, ஆகையால் விலை குறைவு' என்று வாங்குகிறவரிடம் எந்த முதலாளியாவது சொல்லுகிறானா? விற்கும்போது வேலை, கூலி கொடுக்கும்போது பாடம் என்றால் இது எந்த ஊர் நியாயம்? மேலும் பழகுகிறவனுக்கும் வயிறு உண்டு. வீட்டுக்காரன் வாடகை கேட்காமல் விடமாட்டான்.

2016-ல் நைஜல் ஷாட்போல்ட் என்பவர் கம்ப்யூட்டர் படித்துப் பட்டம் பெற்றவர்களின் வேலையில்லாக் கஷ்டத்தை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டார். படிக்கும்போதே வேலை அனுபவம் பெறும் வழியை விரிவாக்க வேண்டும் என்பது அவர் வற்புறுத்திய காரியங்களில் ஒன்று. உத்தியோகக் கதவைத் திறக்கும் சாவி அந்த அனுபவம் என்று ஏற்பட்டுவிட்ட பிறகு, அந்தச் சாவியைச் செல்வாக்குள்ளவன் வீட்டு ஆணியில் மாட்டி வைப்பது சரியா?

கடைசியாக, நம் கிராமத்துப் பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. நிலத்தை அடகு வைத்துப் பிள்ளையை அனுப்பும் தோழர்களே! 'ஒரு வருஷம் வேலையும் சம்பளமும் உறுதி' என்று ஊரில் தரகர் சொல்லுவதை அப்படியே நம்பிவிடாதீர்கள். இடம் தேடித் தரும் பொறுப்பு யாருடையது? இடம் கிடைக்காவிட்டால் படிப்பும் பீசும் என்ன ஆகும்? படிப்பின் காலம் குறைந்தால் விசாவின் காலமும் குறையுமா? இந்த மூன்று கேள்விகளையும் சர்வகலாசாலைக்கே நேரில் எழுதிக் கேட்டு, பதிலை எழுத்து மூலமாக வாங்குங்கள். பதில் வந்த பிறகு பத்திரத்தில் கையெழுத்துப் போடலாம்.

நாம் சொல்லுவது இவ்வளவே. வேலைப் பழக்கம் படிப்பின் பகுதியானால், இடம் தேடித் தருவதில் பீசு வாங்குகிறவன் பொறுப்பேற்கட்டும். அது வேலையானால், கூலிச் சட்டம் அதற்கும் செல்லட்டும். இடங்கள் யாவரும் அறிய விளம்பரமாகி, சிபாரிசுக் கடிதத்தால் அல்லாமல் திறமையால் நிரப்பப்படட்டும். படிப்பு என்ற பெயரால் கூலியையும் வேலை என்ற பெயரால் பொறுப்பையும் தட்டிக் கழிக்கும் இரட்டை நாக்கு இருக்கும்வரை, அந்த வருஷம் எவ்வளவு நல்ல பாடமானாலும் இருப்பவன் வீட்டுப் பாடமாகவே இருக்கும். மாணவர்கள் நன்றி சொல்லித் தலை குனிவதை விட்டு, கணக்குக் கேட்டுத் தலை நிமிர வேண்டும். யந்திரத்தினிடம் காரணம் கேட்கப் பழகியவன் சர்வகலாசாலையினிடம் காரணம் கேட்க ஏன் அஞ்ச வேண்டும்?