கப்பலை விட்டு இறங்குங்கள், நடந்து பாருங்கள்!

கோயமுத்தூரிலிருந்து என் பழைய சிநேகிதர் ஒருவர் சென்ற மாதம் கடிதம் எழுதியிருந்தார். உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற நால்வர், பள்ளிக்கூட நாள் முதல் இணைபிரியாதவர்கள், ஒன்றாகச் சேர்ந்து உல்லாசக் கப்பலில் பிரயாணம் போக எண்ணியிருக்கிறார்களாம். எந்தக் கப்பல் என்று முடிவாகவில்லை. ஆனால் ஐப்பசியில் போவது என்று மட்டும் முடிவு செய்துவிட்டார்கள். கடிதத்தின் கடைசியில் ஒரு கேள்வி: "ஒவ்வொரு துறைமுகத்திலும் கப்பல்காரர்களே பஸ் வைத்து ஊரைச் சுற்றிக் காட்டுகிறார்களாம், அதற்குத் தனிக் கட்டணம். நாங்கள் பஸ்ஸில் போவதா, அல்லது நாங்களாகவே இறங்கிச் சுற்றுவதா? நீர் துறைமுகப் பட்டணத்துக்காரர். உம்முடைய அபிப்பிராயம் என்ன?"

நான் எழுதிய பதில் நீண்டுவிட்டது. இதே கேள்வி இன்னும் பலருக்கு இருக்கக்கூடும் என்பதால் அதை இங்கே எல்லோருக்கும் சொல்லிவிடுகிறேன். சுருக்கமான விடை இதுதான்: நீங்களாகவே இறங்குங்கள், நடந்து பாருங்கள். ஏன் என்று சொல்ல என் ஊரையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன்.

துறைமுகம் இல்லாத துறைமுகம்

புதுச்சேரிக்கும் உல்லாசக் கப்பலுக்கும் ஏற்பட்ட உறவு சண்டையிலேதான் தொடங்கியது. 2022 ஜூன் மாதம் சென்னையிலிருந்து புறப்பட்ட 'கார்டிலியா' நிறுவனத்தின் கப்பல் இங்கே நிற்பதாக இருந்தது. கப்பலுக்குள் சூதாட்டம் நடக்கும், ஊர் கெட்டுப்போகும் என்று ஆட்சேபம் கிளம்பிற்று. அரசாங்கம் அனுமதி தரவில்லை. மூன்று வருஷம் கழித்து, 2025 ஜூலையில், அதே நிறுவனத்தின் கப்பல் வந்தது. கரைக்கு வரவில்லை, கடலிலேயே நங்கூரம் பாய்ச்சி நின்றது. பிரயாணிகளைச் சிறிய கலத்தில் ஏற்றிக் கரைக்குக் கொண்டுவந்தார்கள்.

இதைப் பார்த்துச் சிலர், "இந்தக் காலத்திலும் இப்படியா?" என்று கேலி செய்தார்கள். கேலிக்கு இதில் ஒன்றும் இல்லை. எந்தக் காலத்திலும் இங்கே அப்படித்தான். பாய்க்கப்பல் நாளிலும் கப்பல் தூரத்தில் நிற்கும். சலங்கு என்னும் படகுகள் அலையைத் தாண்டிப் போய் ஆளையும் சரக்கையும் இறக்கி வரும். 1866-ல் இரும்பால் ஒரு கப்பல் பாலம் கட்டினார்கள். 1952-ல் புயல் அதை அழித்தது. 1962-ல் கட்டிய அடுத்த பாலம் 2022 மார்ச்சில் அலையில் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. கடலுக்கும் எங்கள் ஊருக்கும் உள்ள கணக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை.

இந்தக் கரையிலிருந்து போனவர்களையும் நினைத்துப் பார்க்க வேண்டும். பிரெஞ்சிந்தியாவிலிருந்து கூலியாட்களை ஏற்றிச் சென்ற 'ஒரேலி' என்ற கப்பல் 1853-ல் மார்த்தினிக் தீவு போய்ச் சேர்ந்தது. அதில் போன முந்நூறு பேருக்கு மேற்பட்டவர்களுக்கு ஊர் சுற்றிக் காட்ட யாரும் பஸ் வைத்திருக்கவில்லை. அதன் பின்னே எத்தனையோ கப்பல்கள். சைகோனுக்கு உத்தியோகம் தேடிப் போனவர்கள் வேறு. வயிற்றுக்காகக் கப்பல் ஏறியவர்களின் ஊர் இது. வேடிக்கைக்காகக் கப்பலிலிருந்து இறங்குகிறவர், அந்த நினைவோடு இரண்டடி நடந்தால் குறைந்துவிட மாட்டார்.

பஸ் காட்டுவதும் காட்டாததும்

பஸ்ஸில் போனால் என்ன கிடைக்கும்? மஞ்சள் சுவர் வீடுகள், வெள்ளைத் தூண்கள், கடற்கரையில் காந்தி சிலை, ஒரு கடை, நாலு போட்டோ. "ஆஹா, பிரெஞ்சு ஊர்!" என்று சொல்லிக்கொண்டே கப்பல் ஏறிவிடலாம். அது பொய்யல்ல, ஆனால் பாதி உண்மை.

ஊரின் நடுவே ஒரு பெரிய வாய்க்கால் ஓடுகிறது. அதற்குக் கிழக்கே வெள்ளையர் இருந்த பகுதி. மேற்கே தமிழர் பகுதி. சதுரங்கப் பலகை மாதிரி நேர் நேராக ஓடும் இந்தத் தெருக்களுக்கு முதலில் திட்டம் வரைந்தவர்களும் பிரெஞ்சுக்காரர் அல்ல. 1693 முதல் சில வருஷம் ஊரைப் பிடித்து வைத்திருந்த டச்சுக்காரர்கள்! இதில் ஒரு பெரிய சௌகரியம் உண்டு: இந்த ஊரில் வழி தவறிப்போவது கஷ்டம். கிழக்கே நடந்தால் கடல் வந்துவிடும். நடக்கிறவர்களுக்கென்றே போட்ட ஊர் என்று சொல்ல வேண்டும்.

சில காலம் முன்பு வெளியூர் நண்பர் மூவரை அப்படி அழைத்துப் போனேன். 1836-ல் விளக்கேற்றிய பழைய கலங்கரை விளக்கத்தையும், செஞ்சியிலிருந்து கொண்டுவந்த கல்தூண்கள் சூழ நிற்கும் காந்தி சிலையையும் பார்த்துவிட்டு வாய்க்காலைத் தாண்டினோம். வைசியாள் தெருவில் திண்ணையும் தாழ்வாரமுமாகப் பழைய தமிழ் வீடுகள். ஈசுவரன் தருமராஜா கோயில் தெருவில் பாரதியார் வாழ்ந்த வீடு. 1908-ல் புதுவைக்கு வந்து பத்து வருஷம் இங்கே அடைக்கலம் புகுந்தவர் அவர். நடந்து போகிற தூரத்திலேயே சம்பா கோயில் என்று ஜனங்கள் அழைக்கும் மாதா கோயில். தெற்கே போனால் முஸ்லிம்களின் தெருக்கள்.

பெரிய மார்க்கெட்டில் நண்பர் ஒருவர் மீன்காரி ஆயாவின் முன் நின்று படம் பிடிக்கப் போனார். ஆயா கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "வாங்க வந்தீங்களா, வேடிக்கை பார்க்க வந்தீங்களா?" என்றாள். நண்பருக்கு முகம் சிவந்துவிட்டது. "மீனை வாங்கி எங்கே வைத்துக்கொள்வது, ஆயா?" என்றார். "அப்படின்னா உட்காரு, பேர் சொல்லித் தர்றேன்" என்று வஞ்சிரம், சங்கரா, காரப்பொடி என்று ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினாள். திரும்பி வரும்போது நண்பர், "இன்றைக்குப் பார்த்ததிலெல்லாம் இதுதான் மறக்காது" என்றார். இந்த ஆயா எந்த பஸ் கம்பெனியின் அட்டவணையிலும் இல்லை.

மார்க்கெட்டுக்குப் பக்கத்திலேயே ரங்கப்பிள்ளை வீதி. துய்ப்ளேக்ஸ் துரையின் துபாஷாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை அங்கேதான் இருக்கிறது. 1736 முதல் ஏறக்குறைய இருபத்தைந்து வருஷம் நாட்குறிப்பு எழுதிய மகானுபாவர். கப்பல் வந்ததும் போனதும், சரக்கும் சண்டையும், ஊர் வம்பும் எல்லாம் அதில் உண்டு. 1761 ஜனவரி 12-ல் அவர் காலமானார். நாலே நாளில் கோட்டை ஆங்கிலேயர் வசமாயிற்று. கப்பலில் வருகிறவர் புதுச்சேரியில் பார்க்க வேண்டிய முதல் வீடு, கப்பல் வரவை எழுதி வைத்த இந்த வீடு அல்லவா?

நேரம் இருந்தால் ஆட்டோ பிடித்து அரிக்கமேட்டுக்குப் போய் வாருங்கள். அங்கே போட்டோவுக்கு அதிகம் ஒன்றும் அகப்படாது. ஆறும், தோப்பும், கொஞ்சம் செங்கல் சுவரும்தான். ஆனால் 1945-ல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது ரோமாபுரி வணிகத்தின் மது ஜாடித் துண்டுகளும் இத்தாலி மண்பாண்டங்களும் கிடைத்தது இந்த இடத்தில்தான். சுமார் இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே இங்கே கப்பல் வியாபாரம் நடந்தது என்பதற்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும்?

நால்வருக்கு நாலு வேலை

தனியாகச் சுற்றுவதென்றால் பொறுப்பும் தனியாக நம்முடையது. கப்பல்காரர் பஸ் தாமதமானால் கப்பல் காத்திருக்கும். நீங்கள் தாமதமானால் காத்திருக்காது. ஆகவே நண்பர்களே, ஆளுக்கொரு வேலை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் கடிகாரம், திரும்பும் வேளை அவர் சொன்னால் மறுபேச்சு இல்லை. ஒருவர் பணப்பை. ஒருவர் வழி கேட்கிறவர். நாலாமவர் கடைசியில் நடந்து யாரும் பின்தங்காமல் பார்க்கிறவர்.

கப்பலுக்குத் திரும்பும் கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்பதை இறங்கும்போதே எழுதிக்கொள்ளுங்கள். அதற்கு ஒரு மணி முன்னதாகவே துறையில் இருங்கள். கப்பலின் பெயரும் அதன் கரை ஏஜெண்டின் தொலைபேசி எண்ணும் நால்வர் சட்டைப் பையிலும் இருக்கட்டும். நடுப்பகலில் கோயில் நடை சாத்திவிடுவார்கள். கடைகள் சிலவும் மூடியிருக்கும். சாப்பாட்டுக்கு அந்த நேரத்தை வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மணி நேரம் கிடைத்தால் நாலு இடம் போதும். பத்து இடம் பார்க்க ஆசைப்பட்டால் ஒன்றையும் பார்க்க மாட்டீர்கள்.

முழங்கால் வலிக்காரர்கள், கைக்குழந்தைக்காரர்கள் பஸ்ஸில் போவதே நல்லது. அதில் குறைவு ஒன்றுமில்லை. செஞ்சிக் கோட்டை மாதிரி தொலைதூரம் போவதென்றாலும் கப்பல்காரர் பஸ்தான் பத்திரம்.

ஐப்பசிக் கடல்

இனி, என் நண்பர் குறித்த மாதத்துக்கு வருகிறேன். மேனாட்டார் இதை இலையுதிர் காலம் என்பார்கள். நமக்கு ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர் காலம். வங்கக் கடல் கொந்தளிக்கும் காலம். 1746 அக்டோபரில் சென்னையைப் பிடித்த கையோடு லபூர்தொனே தன் கப்பல்களில் பலவற்றைப் புயலுக்குப் பறிகொடுத்தார். 1761 புத்தாண்டு வேளையில் புதுச்சேரியை முற்றுகையிட்டு நின்ற ஆங்கிலக் கப்பல்களும் அதே கதிக்கு ஆளாயின. அவ்வளவு தூரம் போவானேன்? 2011 டிசம்பர் 30-ல் 'தானே', 2024 நவம்பர் 30-ல் 'ஃபெஞ்சல்'. ஃபெஞ்சல் சமயத்தில் ஒரே நாளில் நாற்பது சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டி ஊரே மிதந்தது.

கப்பல் பெரிது, அது தாங்கிவிடும். கரைக்கு வரும் சிறு படகு தாங்க வேண்டுமே! கடல் சரியில்லை என்று தலைவர் சொன்னால் இறங்க முடியாது. அதற்காக அவரோடு சண்டை போடவும் கூடாது. தை, மாசியில் வந்தால் கடலும் தணிந்திருக்கும், வெயிலும் ஏறியிராது. என் நண்பருக்கு நான் சொன்ன யோசனை அதுதான்.

ஊராருக்கும் ஒரு வார்த்தை

கப்பலை எதிர்ப்பவர்களுக்கும் வரவேற்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கப்பலுக்குள் நடப்பதைச் சட்டம் பார்த்துக்கொள்ளட்டும். நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு: ஆயிரம் பேர் இறங்கினால் பூக்காரிக்கும் ஆட்டோக்காரருக்கும் மெஸ் வைத்திருப்பவருக்கும் என்ன கிடைக்கிறது? பஸ்ஸில் வந்து பஸ்ஸில் போகிறவர் பணம், பஸ் நிற்கும் ஒன்றிரண்டு கடைகளோடு நின்றுவிடும். நடந்து வருகிறவர் பணம் தெருத்தெருவாக இறங்கும்.

அவர்கள் நடக்க வேண்டுமென்றால் நாம் செய்ய வேண்டியவை சில உண்டு. துறைமுக வாசலிலேயே ஆட்டோ கட்டணத்தைப் பலகையில் எழுதி வையுங்கள். நடைபாதையை நடப்பவர்களுக்கு விடுங்கள். குடிதண்ணீரும் சுத்தமான கழிப்பிடமும், தமிழிலும் எழுதிய வழிகாட்டிப் பலகைகளும் வேண்டும். இவை கப்பல் பிரயாணிகளுக்காக மட்டும் அல்ல. தினமும் நடக்கிற நமக்கும்தான்.

நண்பரிடமிருந்து பதில் வந்துவிட்டது. பிரயாணத்தைத் தை மாதத்துக்குத் தள்ளிவிட்டார்களாம். "பஸ் டிக்கெட் வாங்கவில்லை, செருப்பு வாங்கியிருக்கிறோம்" என்று எழுதியிருக்கிறார். புதுச்சேரியில் இறங்கினால் நால்வரையும் மார்க்கெட்டுக்கு அழைத்துப் போவேன். மீன்காரி ஆயாவிடம் இந்தத் தடவை ஏதாவது வாங்கித்தான் ஆக வேண்டும்!