இடம் கிடைத்தது, வகுப்பு கிடைக்கவில்லை

ஜூன் பிறந்துவிட்டால் மும்பையில் மழையோடு கல்லூரிச் சேர்க்கைச் செய்திகளும் கொட்டத் தொடங்கிவிடும். கட்ஆஃப் எவ்வளவு, மெரிட் லிஸ்ட் எப்போது, எந்தக் கல்லூரிக்கு எத்தனை விண்ணப்பம் என்று பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதும். எல்லாம் முதலாண்டில் சேருபவர்களைப் பற்றியவை. பாதிப் படிப்பில் வேறு ஊரிலிருந்து வந்து இரண்டாம் ஆண்டில் சேர வேண்டிய பிள்ளையைப் பற்றி ஒரு வரி கூட இருக்காது.

அப்படி வருகிறவர்களில் நம்மவர் பிள்ளைகள் குறைவல்ல. சோலாப்பூரிலிருந்து மும்பைக்கு மாற்றலாகும் ரயில்வே சிப்பந்தி இருக்கிறார். வேறு மாநிலத்துக் கிளையிலிருந்து இங்கே அனுப்பப்படும் வங்கி ஊழியர் இருக்கிறார். தாராவியில் தொழில் செய்து கொண்டு, பெண்ணை நெல்லைச் சீமையில் பாட்டியிடம் விட்டுப் படிக்க வைப்பவர் இருக்கிறார். பாட்டி கண்ணை மூடிவிட்டால் அந்தப் பெண்ணைத் தனியாக அங்கே விட முடியுமா? டி.சி.யை வாங்கிக்கொண்டு அடுத்த ரயிலில் இங்கே வந்துவிட வேண்டியதுதான்.

இந்தக் கட்டுரையை எழுதும் நான் பத்தாவதோடு படிப்பை முடித்துக்கொண்டவன். கல்லூரி வகுப்பில் உட்கார்ந்ததில்லை. ஆனால் கல்லூரி ஜன்னல்களுக்கு முன் நிறைய நின்றிருக்கிறேன். விண்ணப்பம் நிரப்பத் தெரிந்தவன், பத்திரிகைக்கும் எழுதுகிறவன் என்று கூடப் பணிபுரிகிறவர்கள் அழைத்துப் போய்விடுவார்கள். அங்கே நின்று நான் தெரிந்துகொண்ட விஷயம் ஒன்றுதான். கல்லூரியில் இடம் கிடைப்பது வேறு, வகுப்பு கிடைப்பது வேறு.

காகிதங்களைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. பழைய பல்கலைக்கழகத்தின் மைக்ரேஷன் சான்றிதழ், எல்லா செமஸ்டர் மதிப்பெண் பட்டியல்களும், புதிய பல்கலைக்கழகத்தின் எலிஜிபிலிட்டி. அலைச்சல்தான், ஆனால் அலைந்தால் முடிந்துவிடும். நாம் டி.சி. என்பதை இங்கே லீவிங் சர்டிபிகேட் என்பார்கள் என்பது ஒரு சிறு குழப்பம், அவ்வளவே.

பெரிய சங்கடம் அதற்குப் பிறகு வருகிறது. என் பிரிவில் பணிபுரியும் மூத்த நண்பர் ஒருவரின் பெண், தமிழ்நாட்டில் பி.எஸ்சி. வேதியியல் முதலாண்டு முடித்தவள். இங்கே ஒரு கல்லூரியில் இரண்டாம் ஆண்டில் காலி இடம் இருந்தது, சேர்த்துக்கொண்டார்கள். "தம்பி, அட்மிஷன் ஆயிடுச்சு, இனிமேல் கவலையில்லை" என்று அலுவலகம் முழுவதற்கும் பேடா கொடுத்தார். இரண்டு வாரம் கழித்து அதே மனிதர் முகம் வாடி உட்கார்ந்திருந்தார். விஷயம் என்னவென்றால், அந்தப் பெண் வேதியியலோடு துணைப் பாடமாகப் பௌதிகம் எடுத்தாக வேண்டும். அதன் லேப் பேட்சுகள் எல்லாம் ஏற்கெனவே நிரம்பிவிட்டன. ஊரில் அவள் துணைப் பாடமாகப் படித்தது கணிதம்; அது இங்கே கணக்கில் வரவில்லை. முதலாண்டில் இவர்கள் கட்டாயமாக நடத்தும் ஒரு பாடத்தையும் அவள் சேர்த்து எழுத வேண்டும். அந்த வகுப்போ, அவளுடைய இரண்டாம் ஆண்டு வகுப்பு நடக்கிற அதே நேரத்தில் நடக்கிறது. "அடுத்த வருஷம் எடுத்துக்கொள்ளலாமே" என்று ஜன்னலில் இருந்தவர் சாதாரணமாகச் சொல்லிவிட்டார். அந்த ஒரு வார்த்தைக்கு விலை ஒரு வருட ஃபீஸ், ஒரு வருட லோக்கல் ரயில் பாஸ், ஒரு வருடம் தள்ளிப்போகும் சம்பளம். குமாஸ்தா வீட்டில் இது சின்னக் கணக்கல்ல. பெண் பிள்ளையானால், "போதும் படித்தது" என்று வீட்டில் யாராவது சொல்லத் தொடங்குவதற்கும் இது போதும்.

கல்லூரிக்காரர்கள் யாரும் கெட்ட எண்ணத்தில் செய்ததல்ல இது. உள்ளேயே முதலாண்டு படித்த மாணவர்கள், வருட முடிவிலேயே அடுத்த ஆண்டுக்கான பாடங்களையும் பேட்சுகளையும் தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள். வெளியிலிருந்து வருகிறவன் ஜூலையில் வந்து நிற்கிறான். மிஞ்சியதுதான் அவனுக்கு. மும்பைப் பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளில் 2024-25 முதல் புதிய கல்விக் கொள்கைப்படியான பாடத்திட்டம் வந்த பிறகு மேஜர், மைனர், விருப்பப் பாடம், திறன் பாடம், மொழி என்று பிரிவுகள் பெருகியிருக்கின்றன. தேர்வு செய்ய நிறைய இருக்கிறது என்பது நல்லதுதான். கடைசியில் வருகிறவனுக்கு அது, மூடியிருக்கும் கதவுகளும் நிறைய என்றாகிவிடுகிறது.

நம் ரயில்வேயில் ஒரு விதி உண்டு. சொந்த விருப்பத்தில் வேறு சீனியாரிட்டி யூனிட்டுக்கு மாற்றல் கேட்டுப் போகிறவர் அங்கே பட்டியலின் அடியில்தான் நிற்க வேண்டும். நிர்வாகம் தன் தேவைக்காக அனுப்பினால் சீனியாரிட்டி காப்பாற்றப்படும். இரண்டிலும் ஒரு நியாயம் இருக்கிறது. நிர்வாகம் அனுப்பிய தகப்பனுக்குச் சீனியாரிட்டி உண்டு. அவர் பின்னால் வந்த பெண்ணுக்கு மட்டும் வகுப்பில் அடி இடமா? அவளா மாற்றல் கேட்டாள்?

பள்ளிக்கூட அளவில் இந்த நியாயத்தை அரசு எப்போதோ ஒப்புக்கொண்டுவிட்டது. 1963-ல் தொடங்கிய கேந்திரிய வித்யாலயங்களின் நோக்கமே, மாற்றலாகும் மத்திய அரசு ஊழியர்கள், ராணுவத்தினர் ஆகியோரின் பிள்ளைகள் படிப்பு கெடக் கூடாது என்பதுதான். பன்னிரண்டாம் வகுப்பில் நேரடியாக வெளியாளைச் சேர்க்கக் கூடாது என்று கண்டிப்பாக இருக்கும் சி.பி.எஸ்.இ. கூட, பெற்றோர் ஊர் மாறினால் வழி விடுகிறது. பதினேழு வயது வரை மாற்றல் ஒரு காரணம். பதினெட்டு வயதானதும் அது காரணமாகத் தெரியாமல் போவது எப்படி என்று எனக்கு விளங்கவில்லை.

மேலே இருப்பவர்கள் ஒன்றுமே செய்யவில்லை என்றும் சொல்ல முடியாது. யு.ஜி.சி. 2021-ல் கிரெடிட் வங்கி என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. ஒரு கல்லூரியில் பெற்ற கிரெடிட்டுகள் மாணவன் பெயரில் சேமிப்பாக இருக்கும். வேறு கல்லூரிக்குக் கொண்டு போகலாம். யோசனை அருமை. ஆனால் வங்கியில் பணம் இருந்து என்ன பயன், கடையில் சரக்கு இல்லையென்றால்? பழைய கிரெடிட் வந்து சேரும். இனிமேல் படிக்க வேண்டிய வகுப்பில் நாற்காலி வேண்டுமே! இன்னொன்றையும் பெற்றோர்கள் கவனிக்க வேண்டும். பட்டம் தரும் நிறுவனத்தில் குறைந்தது பாதி கிரெடிட்டுகளைப் பெற்றிருக்க வேண்டும் என்று அந்த விதி சொல்கிறது. மூன்றாண்டுப் படிப்புக்கு 120 கிரெடிட் என்றால் 60. இரண்டு ஆண்டை ஊரில் முடித்துவிட்டுக் கடைசி ஆண்டுக்கு மட்டும் இங்கே வர நினைப்பவர்கள், டி.சி. வாங்கும் முன்பே தீர விசாரித்துக்கொள்ள வேண்டும்.

லேப்பில் இடம் குறைவு, ஆசிரியர் பதவிகள் காலியாகக் கிடக்கின்றன, நாங்கள் என்ன செய்வது என்று கல்லூரிகள் கேட்கின்றன. நியாயமான கேள்வி. ஆனால் முதலாண்டு முடிந்ததும் வேறு படிப்புக்குப் போய்விடுகிறவர்கள் எல்லாக் கல்லூரியிலும் உண்டு. அப்படிக் காலியானதால்தானே இந்தப் பெண்ணுக்கே இடம் கொடுத்தார்கள்? ஓர் இடத்தைக் கொடுத்து ஃபீஸ் வாங்கும்போது, அந்த இடத்துக்குரிய கட்டாய வகுப்புகளையும் சேர்த்துக் கொடுப்பதுதானே முறை? ஒவ்வொரு கட்டாயப் பாடத்திலும், ஒவ்வொரு லேப் பேட்சிலும் இரண்டு இடத்தை ஜூலை கடைசி வரை நிறுத்தி வைக்கட்டும். ஆள் வராவிட்டால் மற்றவர்களுக்குக் கொடுத்துவிடலாம். அங்கீகரித்த எண்ணிக்கைக்கு மேல் கூடுதல் இடம் என்பது ஒன்றும் புதுமையல்ல. தொழில்நுட்பக் கல்லூரிகளில் கட்டணச் சலுகை மாணவர்களுக்கு ஏ.ஐ.சி.டி.ஈ. 5 சதவிகிதம் கூடுதல் இடம் அனுமதிக்கிறது.

அதுவும் முடியாதென்றால், ஒரு வெயிட்டிங் லிஸ்டாவது போடட்டும். எங்கள் ரயில்வேயைப் பலரும் திட்டுவார்கள். திட்ட வேண்டியதும் உண்டு. ஆனால் காத்திருப்பவனுக்கு ஒரு எண் கொடுக்கிறோம். நீ எத்தனையாவது ஆள் என்று சொல்லிவிடுகிறோம். ஆர்.ஏ.சி. என்று பக்கவாட்டுக் கீழ் பெர்த்தில் இரண்டு பேரை உட்கார வைத்தாவது நாகர்கோவில் வரை கொண்டு போய்ச் சேர்க்கிறோம். கல்லூரியில் எண்ணும் இல்லை, பட்டியலும் இல்லை. "நாளை வந்து பார்" என்பதுதான் இருக்கிறது. நாளை வந்து பார்க்க ஒரு நாள் லீவு போட வேண்டும் என்பது யாருக்கும் நினைவிருப்பதில்லை.

இது மாறும் வரை நம்மவர் சில காரியங்களில் ஜாக்கிரதையாக இருக்கலாம். ஊரில் டி.சி. வாங்கும் முன் இங்குள்ள கல்லூரியில் எந்தெந்தக் கட்டாயப் பாடம் பாக்கி வரும், அதில் இடம் உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். பழைய கல்லூரியின் பாடத்திட்ட நகலை முதல்வர் கையெழுத்து, முத்திரையோடு கொண்டு வாருங்கள். எந்தப் பாடம் எதற்கு ஈடு என்று வாதாட அதுதான் ஆதாரம். ஜன்னலோடு நின்றுவிடாமல் துறைத் தலைவரைப் பாருங்கள். முதல் இரண்டு மூன்று வாரத்தில் சிலர் பாடம் மாற்றிக்கொள்வார்கள், சிலர் வராமலே போவார்கள். அதுவரை வகுப்பில் உட்கார அனுமதி கேட்டு, பிள்ளை முதல் நாளிலிருந்தே போய் உட்காரட்டும். எழுத்துப் பாடமானால் ஸ்வயம் வழியாகப் படித்துக்கொள்ளலாமா என்றும் கேளுங்கள். ஒரு செமஸ்டர் பாடங்களில் 40 சதவிகிதம் வரை அப்படிப் படிக்க யு.ஜி.சி. 2021-ல் அனுமதித்திருக்கிறது. லேப் பாடத்துக்கு அது உதவாது.

எங்கள் நண்பர் துறைத் தலைவரைப் பார்த்த பிறகு பௌதிக லேப்பில் ஒரு இடம் ஆகஸ்டில் கிடைத்தது. முதலாண்டுப் பாடம் இன்னும் பாக்கி.

மாதுங்காவில் நம் முன்னோர் 1932-ல் தென்னிந்தியக் கல்விச் சங்கத்தைத் தொடங்கினார்கள். அதன் பிறகு மும்பையில் தமிழர் நடத்தும் கல்வி நிலையங்கள் பல வந்துவிட்டன. மொழிச் சிறுபான்மை ஒதுக்கீடு அவற்றில் இருக்கிறது. அது முதலாண்டுச் சேர்க்கைக்குத்தான் பயன்படுகிறது. இரண்டாம் ஆண்டு கட்டாய வகுப்புகளில் இரண்டு நாற்காலியை ஜூலை வரை ஒதுக்கிவைக்க இந்த நிர்வாகங்கள் முதலில் முன்வரலாம். தொழிற்சங்கங்களும், ஊழியர் மாற்றல் பற்றிப் பேசும் கூட்டங்களில், பிள்ளைகளின் கல்லூரி வகுப்பையும் ஒரு விஷயமாக எழுதிக் கொடுக்கலாம். மாற்றல் உத்தரவுகள் ஏப்ரலிலேயே வந்தால், பாடம் தேர்ந்தெடுக்கும் நாளுக்கு முன் பிள்ளை இங்கே வந்து சேர்ந்துவிடும்.