கடலை வீட்டிற்குள் கொண்டுவருமுன்



கடந்த ஞாயிறு ஆராதனை முடிந்து ஆலய வாசலில் நின்றபோது, நம் சபைச் சகோதரர் ஒருவர் தம் மகனை அழைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். பத்தாம் வகுப்புத் தேர்வில் நல்ல மதிப்பெண் பெற்றால் கடல்மீன் தொட்டி ஒன்று வாங்கித் தருவதாக அந்தத் தம்பிக்கு வாக்குக் கொடுத்திருந்தாராம். "ஐயா, எங்களுக்கு இது புதிது. அதனால் 20 லிட்டரில் சின்னதாக ஒன்று பார்த்து வைத்திருக்கிறோம். சின்னதென்றால் பராமரிப்பும் குறைவுதானே?" என்று கேட்டார்.

பள்ளி விடுமுறையில் இந்த ஆசை இன்னும் பல வீடுகளில் எழும் என்பதால், அவருக்குச் சொன்ன பதிலை உங்கள் எல்லாருக்கும் எழுதுகிறேன். முதல் தொட்டியாக மிகச் சிறியதை வாங்காதீர்கள். மீன் இல்லாத தொட்டியை ஆறு வாரம் பார்த்துக்கொண்டிருக்கப் பொறுமை இல்லையெனில், எந்தத் தொட்டியையும் வாங்காதீர்கள்.

இதைச் சொல்லும் துணிவு என் தோல்வியிலிருந்து வந்தது. பல ஆண்டுகளுக்கு முன் என் மகளின் பிறந்தநாளுக்கு 20 லிட்டர் தொட்டியும், கடல் உப்பும், இரண்டு கோமாளி மீன்களும் ஒரே மாலையில் வாங்கி வந்தேன். 2003-இல் வெளிவந்த 'ஃபைண்டிங் நீமோ' திரைப்படத்தைப் பார்த்த பிள்ளைக்கு வேறு மீன் வேண்டியிருக்கவில்லை. நான்காம் நாள் ஒன்று செத்தது. ஆறாம் நாள் மற்றதும் செத்தது. "நாம என்னப்பா தப்பு பண்ணினோம்?" என்று அவள் அழுதபோது, மீனுக்கு ஏதோ நோய் என்று சமாளித்தேன். உண்மையில் என் அவசரமே அவற்றைக் கொன்றது என்பதைப் பின்னர்தான் படித்து அறிந்தேன்.

நடந்தது இதுதான். மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய உணவிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. அது மீனுக்கு நஞ்சு. ஒருவகை நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட் ஆக்குகின்றன, அதுவும் தீங்கானதே. வேறு நுண்ணுயிர்கள் அந்த நைட்ரைட்டை, தீமை மிகக் குறைந்த நைட்ரேட் ஆக மாற்றுகின்றன. கண்ணுக்குத் தெரியாத இந்த ஊழியக்காரர்கள் புதுத் தொட்டியில் பெருகிக் குடியேற ஏறத்தாழ நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். ஆகவே முதலில் தொட்டியில் உப்புநீரும் பீங்கான் வளையங்களும் நீரோட்டக் கருவியும் மட்டும் இருக்கட்டும். நாள்தோறும் ஒரு சிட்டிகை மீனுணவு போட்டு, பரிசோதனைப் பெட்டி கொண்டு நீரைச் சோதித்து வாருங்கள். அம்மோனியாவும் நைட்ரைட்டும் முதலில் ஏறும், பின்பு இறங்கும். இரண்டும் சுழியத்தில் நிலைத்த பிறகே மீன் வரவேண்டும்.

சிறிய தொட்டி ஏன் கடினம் என்பதற்கு ஒரு கணக்கு சொல்கிறேன். கடல்நீரில் கிலோவுக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. நீர் ஆவியாகும்போது உப்பு ஆவியாவதில்லை. 20 லிட்டர் தொட்டியில் ஒரு லிட்டர் ஆவியானால், 35 என்பது ஏறக்குறைய 36.8 ஆகிவிடும். 100 லிட்டர் தொட்டியில் அதே ஒரு லிட்டர் குறைந்தால் 35.4-ஐக்கூட எட்டாது. வெப்பமும் அப்படியே. மீன்களுக்கு 24 முதல் 27 டிகிரி வரை நலம். நம் தூத்துக்குடியின் மே மாத வெயிலில் சிறிதளவு நீர் விரைவில் சூடேறிவிடும். மேலே சிறு மின்விசிறி வைத்தால் சற்றுக் குளிரும். ஆனால் நீர் இன்னும் விரைவாக ஆவியாகும். குறைந்த அளவுக்கு உப்பில்லாத நல்ல நீரை நாள்தோறும் ஊற்றவேண்டும். அளவில் பெரிய நீர் நம் தவறுகளைப் பொறுத்துக்கொள்கிறது. தவறு செய்வது நிச்சயம் என்னும் நிலையிலுள்ள புதியவருக்கே அந்தப் பொறுமை அதிகம் தேவை.

எனவே இரண்டடி நீளமும், பதினைந்து அங்குல அகலமும் உயரமும் உள்ள தொட்டியைப் பரிந்துரைக்கிறேன். அதன் கொள்ளளவு சுமார் 88 லிட்டர். கண்ணாடியோடு சேர்த்து 100 கிலோவைத் தாண்டும். உறுதியான மேசை வேண்டும். "கடல் பக்கத்தில்தானே இருக்கிறது, அங்கேயே நீர் எடுக்கலாமே" என்று சிலர் கேட்பீர்கள். துறைமுகமும் படகுகளும் உள்ள கரையோர நீரில் எண்ணெயும் கழிவும் கலந்திருக்கக்கூடும். ஆர்.ஓ. நீரில் மீன்தொட்டிக்கான கடல் உப்பைக் கரைப்பதே பாதுகாப்பு. சமையல் உப்பு உதவாது. மின்தடைக்காக பேட்டரியில் இயங்கும் காற்றுப் பம்பு ஒன்றும் இருக்கட்டும்.

செலவு கூடுமே என்றால், ஆம், கூடும். இயலாதவர்கள் நன்னீர் மீன் வளர்ப்பதில் யாதொரு குறைவும் இல்லை. அரைகுறைச் செலவில் உயிர்களை வதைப்பதைவிட அது மேலானது.

எந்த மீன்? பண்ணையில் பிறந்து வளர்ந்த கோமாளி மீன் இரண்டு போதும். நம் நாட்டிலேயே மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனம் அவற்றை இனப்பெருக்கம் செய்யும் முறையை உருவாக்கியுள்ளது. நீல நிற டேங் மீன் ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் வரை வளரும். இரண்டடித் தொட்டி அதற்குச் சிறை. அழகு மிகுந்த மாண்டரின் மீனோ, புதுத் தொட்டியில் தனக்குரிய நுண்ணிய இரை கிடையாமல் பட்டினியால் சாகும்.

பவளத்தைத் தொடவே வேண்டாம். தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்திற்கும் இடையே உள்ள 21 தீவுகளையும் அவற்றைச் சூழ்ந்த பவளப்பாறைகளையும் காக்கவே 1986-இல் மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. கற்பவளங்களும் கடற்குதிரைகளும் 2001-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் சேர்க்கப்பட்டன. யாராவது இரகசியமாகக் கொண்டுவந்து கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

இவ்விடத்தில் ஒரு விசுவாசியின் துயரத்தை நினைவுகூருகிறேன். பிலிப் ஹென்றி காஸ் என்பவர் இங்கிலாந்தின் இயற்கை ஆய்வாளர். பிளைமவுத் சகோதரர் சபையைச் சேர்ந்து பிரசங்கமும் செய்தவர். 1853-இல் இலண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் உலகின் முதல் பொது மீன்காட்சியகம் அமைய உதவினார். 1854-இல் அவர் வெளியிட்ட நூலால் வீடுதோறும் கடல்நீர்த் தொட்டி வைக்கும் மோகம் பரவியது. சிருஷ்டிப்பைக் கண்டு ஜனங்கள் சிருஷ்டிகரை மகிமைப்படுத்தவேண்டும் என்பதே அவர் வாஞ்சை. ஆனால் அந்த வாசகர்களே கூடைகளோடு கடற்கரைக்கு வந்து, அவர் நேசித்த டெவன் கரையின் பாறைக் குட்டைகளை வெறுமையாக்கினார்கள். அதைத் தம் கண்ணாலேயே கண்டு அவர் மனம் வருந்தியதை, அவருடைய மகன் 1907-இல் எழுதிய நூலில் பதிவு செய்திருக்கிறார்.

நல்ல நோக்கத்தோடு தொடங்கிய நேசமும் இப்படி முடியக்கூடும். மனிதன் உண்டாக்கப்படுமுன்னே, ஐந்தாம் நாளிலேயே, கடல்வாழ் உயிர்கள் தேவனுடைய ஆசீர்வாதத்தைப் பெற்றன என்று ஆதியாகமம் கூறுகிறது. நமக்கு அளிக்கப்பட்ட ஆளுகை, ஏற்கெனவே ஆசீர்வதிக்கப்பட்டவற்றின்மேல் அளிக்கப்பட்டது.

அந்தத் தம்பியிடம் ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்திருக்கிறேன். ஆறு வாரமும் நீரின் அளவுகளை அதில் எழுதி ஞாயிறுதோறும் என்னிடம் காட்டவேண்டும் என்பது எங்கள் உடன்படிக்கை. முதல் வாரத்துப் பக்கம் நிரம்பிவிட்டது. தொட்டியில் இன்னும் மீன் இல்லை.

கர்த்தர் உங்கள் குடும்பங்களை ஆசீர்வதிப்பாராக.

அவருடைய பணியில்,
உங்கள் போதகர்