ரசீதின் சொந்தக்காரர்கள்

என்.எஃப்.டி.யை ஓர் உரிமைப் போராட்டம் போலப் பேசுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஓவியச் சந்தையில் நடந்த கூத்து அநேகமாக அடங்கிவிட்டது. மிஞ்சி நிற்பது ஒரு வாதம். டிஜிட்டல் பண்டத்துக்கு நாம் காசு கொடுக்கிறோம், ஆனால் அது நமக்குச் சொந்தமாவதில்லை, என்.எஃப்.டி. அதைச் சொத்தாக்கும், பழைய புத்தகத்தைப் போல விற்கவும் கைமாற்றவும் வழி செய்யும் என்பது அது. விவரம் தெரிந்த நண்பர்களும் இதைச் சொல்வதால் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

குறை உண்மையானதுதான். 2009 ஜூலையில் அமேசான், தான் விற்ற ஆர்வெலின் '1984' நாவலை, வாங்கியவர்களின் கிண்டில் கருவிகளிலிருந்து அவர்களைக் கேட்காமலே அழித்தது. அந்தப் பதிப்பை வெளியிட்டவருக்கு உரிமை இல்லை என்பது காரணம். பணமும் திருப்பித் தரப்பட்டது. இருக்கட்டும். அச்சுப் புத்தகத்தில் இதே தவறு நேர்ந்திருந்தால் கடைக்காரர் நம் வீட்டு அலமாரியைத் திறந்து எடுத்துக்கொண்டு போயிருப்பாரா?

அச்சுப் புத்தகத்தை மறுபடி விற்கும் உரிமையும் தானாக வந்துவிடவில்லை. அமெரிக்காவில் பாப்ஸ்-மெரில் பதிப்பகம், ஒரு டாலருக்குக் குறைத்து விற்றால் பதிப்புரிமை மீறல் என்று தன் நாவல் ஒன்றில் அச்சடித்தே வைத்தது. மேஸி கடை 89 சென்டுக்கு விற்றது. 1908ல் உச்ச நீதிமன்றம் கடையின் பக்கம் நின்றது: விற்ற பிரதியை அடுத்தவர் என்ன விலைக்கு விற்கலாம் என்று நிர்ணயிக்கப் பதிப்பாளருக்கு அதிகாரம் இல்லை. இந்தியச் சட்டமும், ஏற்கனவே புழக்கத்துக்கு வந்துவிட்ட புத்தகப் பிரதிகளைப் பதிப்பாளரின் பிடிக்கு வெளியேதான் வைக்கிறது. நம்மில் பலர் இலக்கியம் கற்ற பழைய புத்தகக் கடைகள் இந்த நியாயத்தின் மேல் நிற்பவை.

டிஜிட்டலில் இந்த நியாயம் எங்கே அறுபட்டது? ரீடிஜி என்ற நிறுவனம் 2011ல் ஒரு சந்தை தொடங்கியது. ஐடியூன்ஸில் வாங்கிய பாட்டை அங்கே மறுபடி விற்கலாம். விற்றவரின் கணினியில் அது தங்காதபடி ரீடிஜியின் மென்பொருள் கண்காணித்தது. 2013ல் கீழ்நீதிமன்றமும் 2018ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் இதைத் தள்ளிவிட்டன. கோப்பை இடம் மாற்றினால் புதிய நகல் உண்டாகிறது, நகலெடுக்கும் உரிமை பதிப்புரிமைக்காரருக்கே என்றன. ஐரோப்பிய நீதிமன்றமோ 2012ல் மென்பொருளுக்கு அனுமதித்த மறுவிற்பனையை 2019ல் மின்னூலுக்கு மறுத்தது.

நண்பர்கள் இங்கே சற்று நிற்க வேண்டும். ரீடிஜி தோற்றது தொழில்நுட்பம் போதாமலா? அதன் கணக்கையெல்லாம் பிளாக்செயினில் எழுதியிருந்தால் தீர்ப்பில் ஒரு வரி மாறியிருக்குமா? பூட்டைப் போட்டது சட்டமும் லைசென்ஸ் ஒப்பந்தமும். இவர்கள் கதவுக்கு வர்ணம் பூசிக்கொண்டிருக்கிறார்கள்.

என்.எஃப்.டி.யில் ஸ்தூலமாக இருப்பது என்ன? ஓர் எண், அது யார் கணக்கில் இருக்கிறது என்ற பதிவு, பெரும்பாலும், பண்டம் வேறெங்கோ கிடக்கும் இடத்தின் முகவரி. 2022 நவம்பரில் எஃப்.டி.எக்ஸ். திவாலானபின், அதன் தளத்தில் உருவான பல டோக்கன்களின் படங்கள் காணாமல் போயின. டோக்கன் பத்திரமாக இருந்தது. முகவரியில் வீடு இல்லை. 2021 மார்ச்சில் கிறிஸ்டீஸ் 6.93 கோடி டாலருக்கு ஏலம் விட்ட பீப்பிளின் படத்தை, ஒரு பைசா செலவில்லாமல் யாரும் இன்று பார்க்கலாம். பிரதி குறையாமல் பெருகுவது டிஜிட்டலின் சுபாவம். அதன் மேல் செயற்கையாக ஒரு பஞ்சத்தை ஏற்றி, அந்தப் பஞ்சத்துக்கு விலை வைக்கிறார்கள்.

விற்பவரே மறுவிற்பனைக்குச் சம்மதித்தால்? அப்போது டோக்கன் பயன்படும். முன்பின் தெரியாத இருவர் இடைத்தரகர் இல்லாமல் கைமாற்றிக்கொள்ளலாம். இதை மறுக்கவில்லை. ஆனால் காரியத்தைச் செய்வது அந்தச் சம்மதம். அது இருந்தால் சாதாரணக் கணக்குப் புத்தகமும் போதும். அது இல்லாவிட்டால், விற்பவரின் சர்வர் கோப்பைத் திறக்க மறுக்கும் நிமிஷத்தில் டோக்கன் வெறும் எண்.

ஒவ்வொரு மறுவிற்பனையிலும் படைப்பாளிக்குப் பங்கு என்ற ஆசையும் காட்டப்பட்டது. அந்தப் பங்கு சந்தை நடத்துகிறவர்களின் தயவில் இருந்தது. 2023 ஆகஸ்டில் ஓபன்ஸீ அதைக் கட்டாயப்படுத்துவதைக் கைவிட்டது. பிளாக்செயின் என்ற பேச்சே இல்லாத 1994ல், ஓவியங்களுக்கும் எழுத்தாளரின் மூலக் கையெழுத்துப் பிரதிக்கும் மறுவிற்பனைப் பங்கை இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் எழுதிவைத்தது. நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

கலிபோர்னியாவில் ஒரு சட்டம் 2025ல் அமலுக்கு வந்தது: லைசென்ஸை மட்டும் கொடுப்பவர், அதைத் தெளிவாகச் சொல்லாமல் 'வாங்கு' என்ற சொல்லைப் போடக்கூடாது. சின்னக் காரியம், ஆனால் யோக்கியமான காரியம். பிரச்னை எங்கே இருக்கிறதோ அங்கே கை வைக்கிறது. காசு கொடுத்த மின்னூலை நண்பனுக்குக் கொடுக்கும் உரிமையைச் சட்டத்தில் கேட்க வேண்டும், உரக்கக் கேட்க வேண்டும். அதைக் கேட்காமல் டோக்கன் வாங்கிக்கொண்டிருப்பவர், புத்தகத்தைக் கடையிலேயே விட்டுவிட்டு ரசீதோடு வீடு திரும்புகிறார்.