காற்றில் அறுபடும் துளி

விடுமுறைக்கு ஊர் செல்லும் நம் குடும்பத்தினர் ஓரிரவேனும் ரயில் வண்டியில் கழிக்க வேண்டியவர்கள். ஓடும் வண்டியின் சாளரத்து வழியே எச்சில் உமிழ்வதும் வெற்றிலைச் சாற்றைத் துப்புவதும் அப்பயணத்தில் காணும் காட்சிகளே. உமிழ்ந்தவர் அது தரையில் விழுந்ததென்று எண்ணுகிறார். பின்சாளரத்தில் அமர்ந்திருப்பவரோ முகத்தைத் துடைத்துக்கொள்கிறார். இதன் காரணத்தைச் சிறிது ஆராய்வோம்.

முதலில் மழைத்துளியைக் கருதுவோம். ஓவியர் வரைவதுபோல் அது கூரிய நுனியுடையதன்று. சிறு துளி உருண்டையாகவே இறங்கும். பெருந்துளியின் அடிப்புறத்தை எதிர்க்காற்று அமுக்கித் தட்டையாக்கும். ஏறக்குறைய 6 மில்லிமீட்டருக்கு மேற்படின், நடுவே பைபோல் உப்பச் செய்து உடைத்தும் விடும். துளியை ஒன்றாய்ப் பிடித்து வைப்பது அதன் பரப்பு இழுவிசை. கலைக்க முயல்வது காற்றின் அழுத்தம். காற்றின் வேகம் இருமடங்காயின் அவ்வழுத்தம் நான்கு மடங்காகும். பெருந்துளி விழும் வேகம் வினாடிக்குச் சுமார் 9 மீட்டர். மணிக்கு 72 கிலோமீட்டர் செல்லும் வண்டியிலோ, காற்று வினாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் எதிர்ப்படுகிறது. மழையில் பிழைக்கும் 5 மில்லிமீட்டர்த் துளியும் அங்கே பிழைக்காது.

இனி எச்சிலைப் பார்ப்போம். நீரை எவ்வளவு வேகமாகக் கிளறினாலும் அதன் பிசுபிசுப்பு மாறுவதில்லை. 1687ஆம் ஆண்டில் நியூட்டன் வெளியிட்ட விதிக்கு அது அடங்கியது. எச்சில் அவ்விதிக்கு அடங்காதது. அதில் மியூசின் என்னும் நீண்ட சங்கிலி போன்ற மூலக்கூறுகள் உள்ளன. இழுத்தால் அவை நிமிர்ந்து நீண்டு, அறுபடாமல் எதிர்த்து நிற்கும். வெண்டைக்காய் நறுக்குகையில் கத்தியோடு நூலாய் இழுபடும் வழுவழுப்பும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. ஆதலால் எச்சில் துளி காற்றில் உப்பி உடைந்தாலும் நீரைப்போல் உடனே சிதறுவதில்லை. இழையிழையாய் நீள்கிறது, இழையில் மணி கோத்தாற்போல் சிறு துளிகள் திரள்கின்றன, இடைநூல் அறுந்த பின்னரே அவை பிரிகின்றன. தும்மலில் இவையாவும் நிகழ்வதை லிடியா பூருய்பாவும் அவருடைய குழுவினரும் அதிவேகக் காமிராவில் படமெடுத்து 2016ஆம் ஆண்டில் வெளியிட்டனர்.

பிரிந்தவற்றுள் கனத்தவை தரையில் வீழும். இலேசானவை வண்டியின் பக்கத்தை ஒட்டிப் பின்னோக்கிச் செல்லும் காற்றோடு அடுத்த சாளரத்துள் புகும். மிக நுண்ணியவை தரையைத் தொடுமுன்பே உலர்ந்து துகளாகி மிதக்கும் என்பதை 1934ஆம் ஆண்டில் வில்லியம் வெல்ஸ் என்னும் அமெரிக்கர் எடுத்துக் காட்டினார். காசநோயாளி இருமும்போது கிருமிகள் பிறரை அடைவது முக்கியமாக இவ்வழியிலேதான்.

எனவே அன்பர்களே, சாளரத்து வழியே உமிழ்தல் அறவே வேண்டாம். தாம்பூலம் தரிப்போர் மூடியுள்ள சிறு டப்பா ஒன்றை உடன் கொண்டு செல்லலாம். இருமலும் தும்மலும் வரும்போது கைக்குட்டையால் வாயையும் மூக்கையும் மூடுதல் வேண்டும். ஓரறையில் பலர் வாழும் இல்லங்களில் சாளரங்களைத் திறந்து வைத்தல் நலம். இருமல் இரண்டு வாரத்திற்கு மேல் நீடிப்பின் அரசாங்க மருத்துவமனையில் சளியைப் பரிசோதித்துக்கொள்ளத் தயங்கலாகாது. குழந்தைகளுக்கும் இப்பழக்கங்களை இப்போதே கற்பியுங்கள்.