சத்து மாத்திரை ஞாபகத்தைத் திருப்பித் தருமா?

மறதிநோய் வந்தவருக்குச் சத்து மாத்திரை கொடுத்தால் ஞாபகம் தேறும் என்று உறவினர் முதல் மருந்துக்கடைக்காரர் வரை சொல்கிறார்கள். அவர்கள் சொல்லும் காரணங்கள் எதுவும் சோதனையில் நிலைக்கவில்லை.

முதல் காரணம் கேட்க நியாயமாகவே இருக்கும். அல்சைமர் நோயாளிகள் பலருக்கு இரத்தத்தில் ஹோமோசிஸ்டீன் என்ற அமினோ அமிலம் கூடுதலாக இருக்கிறது. பி வைட்டமின்கள் அதைக் குறைக்கும். ஆகவே மூளையும் தேறும் என்கிறார்கள். அமெரிக்காவில் லேசான அல்லது நடுத்தர அல்சைமர் உள்ள 409 பேரிடம் 18 மாதம் இதைச் சோதித்தார்கள். ஒரு சாராருக்கு அதிக அளவில் ஃபோலிக் அமிலம், பி6, பி12. மறு சாராருக்கு வெற்று மாத்திரை. 2008இல் முடிவு வந்தது. ஹோமோசிஸ்டீன் குறைந்தது. அறிவாற்றலின் சரிவு மட்டும் குறையவில்லை. வைட்டமின் எடுத்தவர்களிடம் மனச்சோர்வு கூடுதலாகவும் காணப்பட்டது.

பி12 நிஜமாகவே குறைந்தாலும் மறதி வரும் என்பது உண்மைதான். நெடுநாள் மெட்ஃபார்மின் என்ற நீரிழிவு மாத்திரை எடுப்பவர்களுக்கும் அசைவமும் பாலும் தொடாதவர்களுக்கும் அந்த ஆபத்து உண்டு. இரத்தப் பரிசோதனையில் குறைபாடு தெரிந்தால் மாத்திரையோ ஊசியோ கட்டாயம் வேண்டும். குறைபாடே இல்லாதவருக்கு அதையே கொடுப்பதால் நோய் மாறாது.

மீன் உண்பவர்களுக்கு மறதிநோய் குறைவு, ஆகவே மீன் எண்ணெய் கொடு என்பது அடுத்த வாதம். மீன் உண்பவர்கள் வேறு பல பழக்கங்களிலும் மாறுபட்டவர்கள். அல்சைமர் உள்ள 402 பேரிடம், மீன் எண்ணெயில் உள்ள டிஹெச்ஏ கொழுப்பை நாளுக்கு 2 கிராம் என 18 மாதம் கொடுத்துச் சோதித்தார்கள். 2010இல் வெளியான முடிவில் பலன் இல்லை. ஜிங்கோ என்ற மூலிகைச் சாற்றை 75 வயது தாண்டிய 3,069 பேரிடம் சுமார் ஆறு ஆண்டு சோதித்தும் அது நோய் வருவதைத் தடுக்கவில்லை.

‘இயற்கையானது, தீங்கு செய்யாது’ என்ற பேச்சுதான் எனக்கு அச்சம் தருகிறது. 2014இல் 613 பேரிடம் நடந்த ஆய்வில், வைட்டமின் ஈ எடுத்தவர்கள் அன்றாட வேலைகளைச் செய்யும் திறனை இழப்பது சற்று மெதுவானது; ஞாபகம் தேறவில்லை. அங்கே கொடுத்த அளவு நாளுக்கு 2,000 அலகு. இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மருந்து எடுக்கும் முதியவருக்கு மருத்துவரைக் கேட்காமல் அதைக் கொடுத்தால் இரத்தக்கசிவில் கொண்டுபோய் விடலாம்.

கடைசியில் எஞ்சுவது, ‘ஏதோ ஒன்றைச் செய்கிறோமே என்ற ஆறுதல்’. அந்தத் தவிப்பை நான் மதிக்கிறேன். ஆனால் மாதாமாதம் டப்பாக்களுக்குப் போகும் பணத்தில், இரவெல்லாம் கண்விழிக்கும் மகளோ மருமகளோ தூங்கி எழ, சில மணி நேரத்துக்காவது ஒரு பராமரிப்பாளரை அமர்த்தலாம்.